காலியாக ஏறினாலும் நின்ற வண்டி

சோப்பு மெக்கானிக் என்றால் அந்தக் கல் குவாரியில் எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் கேட்டில் நிற்கும் வாட்ச்மேனே ‘அப்படி யாரும் இல்லையே’ என்று கையை விரித்துவிடுவார். யாருக்காவது சோப்புப் போட்டுக் காரியம் சாதிக்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கலை அவருக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. மேனேஜரிடமே முகத்துக்கு நேராகச் சிடுசிடுப்பார். விஷயம் என்னவென்றால், எந்த இஞ்சினையும் சோப்புத் தண்ணீரால் கழுவாமல் அவர் தொடமாட்டார். ஆளுயரச் சக்கரம் வைத்த டம்பர் லாரியோ, ஷெட் மூலையில் கிடக்கும் ஜெனரேட்டரோ, முதலில் நுரை, பிறகு பிரஷரில் தண்ணீர், பிறகு காற்று. அதற்கப்புறம்தான் ஸ்பேனர். “அழுக்குக்குள்ள இருந்தா நோவு எங்கன்னு எப்படித் தெரியும்?” என்பார். அதிலும் எலுமிச்சை வாசனை அடிக்கிற சோப்புதான் வேண்டும். வேறு ஏதாவது வாங்கிக் கொடுத்தால் அன்றைக்கு ஸ்டோர் கீப்பருக்குக் கெட்ட நேரம்.

வீட்டிலும் இதே கதைதான். வேலைவிட்டு வந்ததும் குழாயடியில் நின்று முழங்கை வரைக்கும் தேய்ப்பார். நகக்கண்ணுக்குத் தனியாக ஒரு பழைய பல் துலக்குகிற பிரஷ். “வழி விடுங்கடி, டாக்டர் ஆபரேஷனுக்குப் போறாரு” என்று மனைவி மகள்களை விலக்குவாள். அவளும் அதே குவாரியில்தான் வேலை பார்த்தாள். வெளியே போகிற லாரிகளை எடைமேடையில் நிறுத்தி எடை போடுகிற வேலை. அவளுடைய தம்பி, அதாவது நம் மெக்கானிக்கின் மச்சினன், டம்பர் ஓட்டினான். குழிக்குள் வெடித்து உடைத்த கல்லை ஏற்றிக்கொண்டு, செங்குத்தான மண் ஏற்றத்தில் ஏறி, மேலே அரவை இயந்திரத்தில் கொட்டிவிட்டுத் திரும்ப இறங்க வேண்டும். மெக்கானிக் சொல்லித்தான் அவனை வேலைக்கு எடுத்தார்கள். சொன்ன சொல்லை அவனும் காப்பாற்றினான். அவன் வண்டி ஓட்டினால் டம்ளர் தண்ணீர் தளும்பாது என்று மற்ற டிரைவர்களே சொல்வார்கள்.

அப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் ஒரு டர்போ புகுந்து கும்மாளம் போட்டது.

டர்போ என்பது இஞ்சினுக்கு மூச்சு ஊதுகிற கருவி. புகை வெளியேறுகிற வேகத்தில் ஒரு சக்கரம் சுழன்று, காற்றை இறுக்கி உள்ளே தள்ளும். எவ்வளவு தள்ள வேண்டும் என்பதை இப்போதெல்லாம் வண்டியின் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. டர்போவின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆக்சுவேட்டர் என்கிற சின்ன மோட்டார் பெட்டி, அந்த உத்தரவைக் கேட்டு உள்ளே இருக்கும் தகடுகளைத் திறக்கும், மூடும். இரண்டுக்கும் நடுவே பேச்சுவார்த்தை நின்றுவிட்டால் கம்ப்யூட்டர் பயந்துபோய் இஞ்சினின் பலத்தைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளாத வீடு மாதிரிதான். அடுப்பு எரியும், சோறு வேகும், ஆனால் எதிலும் உயிர் இருக்காது. வண்டியும் ஓடும், ஆனால் இழுக்காது.

மச்சினன் ஓட்டிய டம்பரில் அதுதான் நடந்தது. ஏற்றத்தில் பாதி தூரம் ஏறியதும் மஞ்சள் விளக்கு எரியும். புல்லிங் போய்விடும். வண்டி எறும்பாக ஊரும். பின்னால் வருகிற டம்பர்கள் எல்லாம் ஹாரன் அடித்துக் கத்தும். எப்படியோ மேலே கொண்டுபோய், சமதளத்தில் இஞ்சினை நிறுத்திப் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடும்.

மெக்கானிக் வண்டியை ஷெட்டுக்கு வரவழைத்தார். கழுவினார். லேப்டாப்பை மாட்டினார். ‘ஆக்சுவேட்டருடன் தொடர்பு இல்லை’ என்று பழைய கோளாறு ஒன்று பதிவாகியிருந்தது. கனெக்டரைக் கழற்றினார். எலும்பு போலக் காய்ந்து, சுத்தமாக இருந்தது. வயரைப் பிடித்து ஆட்டினார். அளந்தார். எல்லாம் சரி. தகடுகளைத் திறந்து மூடச் சொல்லி உத்தரவு கொடுத்தார். அவை அழகாகத் திறந்து மூடின. சரி, பெட்டியே கெட்டிருக்கும் என்று புது ஆக்சுவேட்டர் வரவழைத்து மாட்டி, அதற்குத் தகடுகளின் எல்லையைக் கற்றுக்கொடுத்து, ஷெட் வாசலில் வைத்து முறுக்கிப் பார்த்தார். சிங்கம் போல உறுமியது.

மறுநாள் காலையிலேயே ஏற்றத்தில் படுத்துக்கொண்டது.

அதிலிருந்து பிடித்தது சனி. ஏற்றத்தில்தானே நிற்கிறது? ஏற்றம் என்றால் லோடு, லோடு என்றால் காற்று போதவில்லை என்று அர்த்தம். இது மெக்கானிக்குகளின் வேதவாக்கு. காற்று போகிற குழாய் ஒவ்வொன்றையும் சோப்பு நுரை தடவிச் சோதித்தார். ஃபில்டரை மாற்றினார். புகைக்குழாயை இறக்கிப் பார்த்தார். டர்போவையே கழற்றி உள்ளே விரலை விட்டுத் துழாவினார். எங்கேயும் ஒரு குறை இல்லை. ஒவ்வொரு தடவையும் ஷெட்டில் நல்ல பிள்ளை, ஏற்றத்தில் போக்கிரி. கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருந்தது அந்தக் கோளாறு. ஒருநாள் வெறுத்துப்போய் அந்த டம்பரின் பம்பரை எட்டி உதைத்தார். கால் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

“மாமா, ஒண்ணு சொல்லவா?” என்றான் மச்சினன், அவர் விரலைத் தடவிக்கொண்டிருந்த நேரம் பார்த்து. “நேத்து ஷிப்ட் முடிஞ்சு காலி வண்டியைத்தான் மேல கொண்டு வந்தேன். அப்பவும் நின்னுச்சு.”

“காலி வண்டி எதுக்குடா நிக்கும்? நல்லா ஞாபகப்படுத்திப் பாரு. லோடு இருந்திருக்கும்.”

“முதுகுல கல்லு இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாதா மாமா?”

“மாப்ள, நீ ஓட்டுறதை ஓட்டு. நோவு பாக்குறதை நான் பாக்குறேன்.”

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்த வார விடுமுறையில் அக்காள் வீட்டுக்குச் சாப்பிட வந்த மச்சினன், இரண்டாவது தடவை சோறு வாங்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னான்: “வண்டி தானா ரெண்டு மூணு நாள்ல தேறிடுதுக்கா. மாமா வந்து வைத்தியம் பார்த்துட்டுப் போனா மறுபடி காய்ச்சல் வந்துடுது.”

மனைவிக்குப் புரையேறியது. மகள்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெக்கானிக்கும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுபோனது. எத்தனையோ இஞ்சினுக்கு உயிர் கொடுத்த கை. அதை நேற்று ஸ்டியரிங் பிடித்த பயல் கேலி பேசுவதா? சோற்றைப் பிசைந்தபடியே உள்ளுக்குள் வெந்தார்.

மறுநாள் வண்டி மறுபடியும் நின்று, மேனேஜர் ஷெட்டுக்கே வந்து குதித்தார். “என்னதான் பிரச்சினை மெக்கானிக்? பார்ட்ஸ் மாத்தினீங்க, டர்போ கழட்டினீங்க. இன்னும் என்ன, எனக்கே ஆபரேஷன் பண்ணணுமா?”

மெக்கானிக்கின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது. யோசித்து வந்தது அல்ல, பொறுக்கமாட்டாமல் வந்தது. “வண்டியில குறை இல்ல சார். ஓட்டுற கையிலதான் குறை. ஏத்தத்துல கியரை இழுத்துப் பிடிச்சு, மிதிக்கக் கூடாத நேரத்துல மிதிச்சா எந்த டர்போ தாங்கும்?”

மேனேஜருக்கு அது போதும். சொன்னது யார்? சொந்த மச்சினனைப் பற்றி சோப்பு மெக்கானிக்கே சொல்கிறார் என்றால் அதற்கு மேல் சாட்சி எதற்கு? அன்றைக்கே மச்சினனை டம்பரிலிருந்து இறக்கித் தண்ணீர் லாரிக்கு மாற்றினார்கள். குவாரிப் பாதையில் புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்கிற வண்டி அது. தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவருவதும் அதுதான். அவன் டம்பரிலிருந்து தன் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

எடைமேடைக்குச் சேதி போக எவ்வளவு நேரமாகும்? சாயங்காலம் மெக்கானிக் குழாயடியில் கை தேய்த்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றாள்.

“அவன் மேல எதுக்குங்க போட்டீங்க?”

“உண்மையைச் சொன்னேன்.”

“நீங்க அவன் ஓட்டி ஒரு தடவையாவது கூட உக்காந்து போயிருக்கீங்களா?”

அவர் நகத்தைத் தேய்த்தார்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அதற்கப்புறம் அவளிடமிருந்து வந்ததெல்லாம் ‘சாப்பாடு இருக்கு’, ‘கதவைச் சாத்துங்க’, அவ்வளவுதான்.

டம்பர் இப்போது மீசைக்காரர் கைக்குப் போனது. குவாரியில் பழம் தின்று கொட்டை போட்ட டிரைவர். அவர் ஓட்டிய முதல் நாள் வண்டி ஏற்றத்தில் லேசாக முனகியது. அடுத்த நாள் இன்னும் குறைவு. அப்புறம் அடுத்தடுத்த நாட்களில் ராஜா மாதிரி ஏறியது. மேனேஜர் மெக்கானிக்கைத் தட்டிக்கொடுத்தார். “சரியான ஆளு நீங்க. சொந்தக்காரன்னும் பார்க்காம சொன்னீங்க பாருங்க.” பிறகு டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: “தண்ணி லாரிக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு. உங்க மச்சானை இந்த மாசத்தோட அனுப்பிடலாம்னு இருக்கேன். இப்படி வண்டியைக் கெடுக்கிறவனை வச்சு என்ன பண்றது?”

மெக்கானிக்குக் கையிலிருந்த டீ கசந்தது. அவனுக்கு ஒரு புத்தி வரட்டும் என்று நினைத்தார்தான். அவன் வயிற்றில் அடிக்க நினைக்கவில்லை. வாயைத் திறந்து ஏதாவது சொல்லலாம். என்ன சொல்வது? நான் சொன்னது தப்பு என்றா? வண்டிதான் நன்றாக ஓடுகிறதே! மச்சினன் இறங்கினான், வண்டி தேறியது. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அந்த ஷெட்டில் இருந்த எல்லா ஸ்பேனரும் சாட்சி சொல்லும் போல இருந்தது. ஆனாலும் அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

வாராந்திர சர்வீஸ் நாள் வந்தது. டம்பரை ஷெட்டில் நிறுத்தினார்கள். கழுவுவதற்குத் தொட்டியில் தண்ணீர் இல்லை. தண்ணீர் லாரி வந்தது. மச்சினன் இறங்கி, குழாயை மாட்டி, தொட்டியை நிரப்பினான். முன்பானால் வாய் ஓயாமல் பேசுவான். இப்போது தொட்டியில் விழுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சாப்பிட்டியா மாப்ள?” என்றார் மெக்கானிக்.

“ஆச்சு.”

தொட்டி நிரம்பியது. அவன் குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். மெக்கானிக் தன் கோபத்தையெல்லாம் அந்த இஞ்சின் மேல் காட்டினார். நுரை பொங்கப் பொங்கத் தேய்த்து, பிரஷரை முழுக்கத் திறந்து, மூலை முடுக்கு விடாமல் அடித்தார். அன்று மாதிரி அந்த வண்டி எப்போதும் பளபளத்ததில்லை.

மறுநாள் காலை ஷெட்டுக்கு போன் வந்தது. மீசைக்காரர். “அண்ணே, ஏத்தத்துல நிக்கிறேன். மஞ்ச லைட்டு. புல்லிங் சுத்தமா இல்ல.”

மெக்கானிக்குக் காதில் விழுந்தது நெஞ்சில் இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு ரத்தம் தலைக்கு ஏறியது. யார் மேல் கோபம் என்று அவருக்கே தெரியவில்லை. வண்டி மேல், மீசைக்காரர் மேல், டர்போவைக் கண்டுபிடித்தவன் மேல், எல்லாவற்றையும்விடத் தன் நாக்கின் மேல். லேப்டாப்பைக்கூட எடுக்காமல் கையில் கிடைத்த பையோடு ஏற்றத்தில் இறங்கி ஓடினார்.

“எவ்வளவு லோடு?” என்று தூரத்திலிருந்தே கத்தினார்.

“லோடா? காலிண்ணே! மேல அரவை மிஷின் அடைச்சிருக்கு, வண்டியைக் கொண்டு போய் ஷெட்ல விடுன்னாங்க. கல்லு போடவே இல்ல.”

மெக்கானிக் நின்றார். காலி வண்டி. ‘முதுகுல கல்லு இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாதா மாமா?’

லோடு இல்லை. அப்படியானால் இந்த ஏற்றத்தில் வேறு என்ன இருக்கிறது? அவர் வண்டியைப் பார்த்தார். மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் தாழ்ந்து, சாய்ந்து நின்றது. அவ்வளவுதான். லோடு இல்லாவிட்டாலும் இந்தச் சாய்வு இருக்கும். ஷெட்டில் இல்லாத ஒன்று இந்தச் சாய்வு. இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவர் இந்த வண்டியைச் சாய்வில் வைத்துத் திறந்து பார்த்ததில்லை.

“வண்டியை அசைக்காதீங்க. ஹேண்ட் பிரேக் போடுங்க” என்றார். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். ஏறி, கொதிக்கிற இஞ்சினுக்குள் கையை விட்டு, ஆக்சுவேட்டர் கனெக்டரைக் கழற்றினார். சுடச்சுட ஏதோ மணிக்கட்டில் வடிந்தது. கையை வெளியே எடுத்துப் பார்த்தார். தண்ணீர். முகர்ந்து பார்த்தார். எலுமிச்சை வாசனை.

வயர்களை மூடியிருந்த நெளிநெளியான கறுப்புக் குழாயைத் தடவிக்கொண்டே முன்னால் போனார். ஓரிடத்தில் கிளிப் உடைந்து, குழாய் தொப்பை போட்டுத் தொங்கியது. தொப்பையில் ஒரு கீறல். பிரஷரில் அடித்த தண்ணீர் அந்தக் கீறல் வழியாக உள்ளே போய்த் தேங்கியிருக்கிறது. சமதளத்தில் அது தொப்பையிலேயே கிடக்கும், கனெக்டர் காய்ந்தே இருக்கும். மூக்கைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறினால் தொப்பை மேலே போகும், கனெக்டர் கீழே வரும், தண்ணீர் வழிந்து ஓடிவந்து பேச்சை அறுக்கும். இரண்டு மூன்று நாள் இஞ்சின் சூட்டில் தண்ணீர் வற்றினால் வண்டி தானாகத் தேறும். அப்போது வைத்தியர் வருவார். கழுவுவார்.

சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதுதான். அதுவும் எலுமிச்சை வாசனையோடு.

பின்னால் டம்பர்கள் வரிசையாக நின்றுவிட்டன. வரிசையின் கடைசியில் தண்ணீர் லாரி. மேனேஜரின் ஜீப் மேலிருந்து புழுதி பறக்க இறங்கி வந்தது. அந்த நேரத்தில் மெக்கானிக் கனெக்டரைத் துடைத்து, குழாயை இழுத்துக் கட்டி, ‘வயர் கோளாறு சார், சரியாப் போச்சு’ என்று முடித்திருக்கலாம். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அந்த நினைப்பு அவருக்கு வரவில்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன். வந்தது. வந்ததற்கு வெட்கப்பட்டுக்கொண்டே கீழே குதித்தார்.

“சார், இது நான் பண்ணின வேலை. நான் கழுவுற தண்ணிதான் உள்ள போய் நிக்குது. என் மச்சான் மேல ஒரு தப்பும் இல்ல.”

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். “என்ன மெக்கானிக், வீட்டுல சோறு கிடைக்கலையா?”

“சார்?”

“அன்னிக்கு ஓட்டுறவன் கையில குறைன்னு நீங்கதான் சொன்னீங்க. இன்னிக்குப் பழியைத் தூக்கித் தலையில வச்சுக்கிறீங்க. தங்கமான மனுசன்தான், அதுக்காக? சொந்த பந்தத்தைக் குவாரிக்கு வெளியில வச்சுக்குங்க.”

மெக்கானிக்குக் கண் இருட்டியது. பொய்யைச் சொன்னபோது தட்டிக்கொடுத்தார்கள். உண்மையைச் சொன்னால் சிரிக்கிறார்கள். “இந்தத் தண்ணியை மோந்து பாருங்க சார்!” என்று நனைந்த கையை நீட்டினார். மேனேஜர் மூக்கைச் சுளித்து ஒதுங்கினார்.

“சரி. இப்ப இதைக் காய வைக்கிறேன். வண்டி இந்த ஏத்தத்துல நிக்காம ஏறும். அப்புறம் கீழ கொண்டு வந்து உங்க கண்ணு முன்னாடியே கழுவுறேன். நின்னுடும். பார்த்துட்டுப் பேசுங்க.”

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், கடைசியில் தலையாட்டினார். மெக்கானிக் குழாயை முழுக்கப் பிழிந்து, காற்று ஊதிக் காய வைத்தார். மீசைக்காரர் ஓட்டினார். டம்பர் முனகாமல் ஏறிப் போய்த் திரும்பி வந்தது. மெக்கானிக் வரிசையின் கடைசிக்கு நடந்தார்.

“மாப்ள, தண்ணி வேணும். குழாயைக் கொண்டா.”

மச்சினன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். லாரியைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, பம்பைப் போட்டு, குழாயை அவர் கையில் கொடுத்தான்.

“நீயே அடி” என்றார் அவர்.

“வேணாம் மாமா. நீங்க எப்பவும் எப்படி அடிப்பீங்களோ அப்படியே அடிங்க. அப்புறம் என் கை சரியில்லன்னு ஆயிடும்.”

அவர் வாங்கிக்கொண்டார். எப்போதும் அடிப்பது போலவே அடித்தார், ஒரு மூலையும் விடாமல். டிரைவர்கள் எல்லோரும் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். மேனேஜரே டம்பரில் ஏறி மீசைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. ஏற்றத்தில் ஏறியது. கால்வாசி, பாதி. மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்னுடு, நின்னுடு என்று முணுமுணுத்தார். தான் வேலை பார்த்த வண்டி கெட்டுப்போக வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

உறுமல் இறங்கியது. டம்பர் எறும்பாக ஊர்ந்தது. மேலே ஜன்னல் வழியாக மேனேஜரின் தலை வெளியே வந்து, மஞ்சள் விளக்கு எரிகிறது என்று கையைக் காட்டியது.

டிரைவர்கள் யாரும் மெக்கானிக்கைப் பார்க்கவில்லை. அதுவே அவருக்குப் பெரிய உதவியாக இருந்தது.

மதியத்துக்குள் புதுக் குழாய் போட்டு, கிளிப் மாட்டி, வயரை உயர்த்திக் கட்டி, கனெக்டருக்கு ரப்பர் உறையும் போட்டுவிட்டார். மேனேஜர் மச்சினனிடம் வந்து, “வண்டியை நீயே எடுத்துக்கோ” என்று மட்டும் சொன்னார். மன்னிப்பெல்லாம் மேனேஜர்களின் அகராதியில் கிடையாது. மச்சினன் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு டம்பரில் ஏறினான்.

மெக்கானிக் மறுபக்கக் கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவன் திரும்பிப் பார்த்தான். குழிக்குள் இறங்கி, கல் ஏற்றிக்கொண்டு, ஏற்றத்தின் அடிக்கு வந்தார்கள். எடைமேடை அறையின் ஜன்னல் அங்கிருந்தே தெரியும். மனைவி ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள்.

வண்டி ஏறியது. அவன் கியரை இழுத்துப் பிடிக்கவில்லை. மிதிக்கக் கூடாத நேரத்தில் மிதிக்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறுகிற மாதிரி ஓட்டினான். இப்படித்தான் இத்தனை நாளும் ஓட்டியிருக்கிறான். எப்போதும் நிற்கிற இடம் வந்தது, போனது.

“காலியா ஏறினாலும் நிக்குதுன்னு சொன்னேன்ல மாமா?” என்றான் அவன், பாதையைப் பார்த்தபடியே.

“சொன்னே.”

“நீங்க வந்துட்டுப் போனா ஜாஸ்தியாகுதுன்னும் சொன்னேன்.”

“சொன்னே மாப்ள.”

“எனக்கு டர்போ தெரியாது. ஆனா நான் பொய் சொல்லமாட்டேன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

மெக்கானிக் தலையை ஆட்டினார். வண்டி சமதளத்துக்கு வந்தது. அவன் கல்லைக் கொட்டிவிட்டு, அவர் இறங்குவதற்காக ஷெட் வாசலில் நிறுத்தினான். அவர் இறங்கவில்லை.

“போ மாப்ள” என்றார். “ஷிப்ட் முடியற வரைக்கும் உக்காந்து வரேன்.”